நான் திருத்திக் கொடுத்த தமிழ்

எங்கள் பள்ளிவாசல் வட்டாரமான மஹல்லாவில் ஒரு ஆணுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வேண்டியது கடிதம். மாப்பிள்ளை எந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்தவரோ அந்த ஜமாத்திலிருந்து பெண் வீட்டு ஜமாத்துக்கு ஒரு தாள் போக வேண்டும். இன்னார் மகன் இன்னார், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், நல்ல நடத்தை உள்ளவர், இந்தத் திருமணத்தில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. கீழே தலைவர், செயலாளர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அது வராமல் மண்டபம் பிடித்திருந்தாலும் சரி, பிரியாணிக்கு ஆள் சொல்லியிருந்தாலும் சரி, நிக்காஹ் நடக்காது.

செயலாளர் என் வீட்டுக்காரர். கடிதம் எழுதுவது நான். ஊருக்கே தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அவர் பம்ப்செட் வியாபாரி. நாலு வரி எழுதச் சொன்னால் நாற்பது தடவை பேனாவைக் கீழே வைப்பார். நானோ பாதிரிமார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஆயுசில் பாதியைத் தமிழ் நடத்தியே கழித்தவள். ஜமாத் அலுவலக அறைக்குள் பொம்பளை நுழையும் வழக்கம் இல்லை. ஆனால் அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தாளும் என் சமையல்கட்டு மேசையில், பக்கத்தில் வெங்காயத் தோல் கிடக்க, நான் எழுதியது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. சுற்றி வளைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஒருத்தர் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். வயது முப்பத்துநாலு. மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை, விரலெல்லாம் வார்னிஷ் கறை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"டீச்சர், சோமனூர்ல ஒரு பொண்ணு அமைஞ்சிருக்குதுங்க. லெட்டர் வேணுமுங்க."

"உள்ளே வாங்க, என்ன வாசல்ல நின்னுக்கிட்டு" என்றேன். வரவில்லை.

"பாய்கிட்டச் சொல்லிருங்க. பொண்ணூட்ல எதையும் மறைக்கலீங்க. ஜெயிலுக்குப் போனதைச் சொல்லிப்போட்டேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

ஆமாம், ஜெயில். உலகம் முழுக்க ஒரே ஆட்சி என்று எங்கோ ஒரு பாலைவனத்தில் கொடி நட்டுக்கொண்டு ஊர் ஊராக அழித்ததே ஒரு படை, அதன் பேச்சுகளைத் தமிழில் எழுதி செல்போன் குரூப்புகளில் பரப்பினார் என்று வழக்கு. பொய் வழக்கு இல்லை. செய்தார். தண்டனை முடிந்து வந்து நாலு வருஷமாகிறது. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு வருகிறார், கடைசி வரிசையில் நிற்கிறார், தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் யாரோடும் பேசாமல் கிளம்பிவிடுகிறார். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்.

ஜமாத் கமிட்டி கூடியது. என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போதே முகம் சரியில்லை. "அவனுக்கு நல்ல நடத்தைன்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு நம்ம கதவைத் தட்டுவாங்கன்னு எல்லாரும் பயப்படறாங்க. 'எங்கள் மஹல்லாவில் வசிக்கிறார்'னு மட்டும் ஒரு வரி எழுதிரு. அது போதும்."

போதுமாம்! அந்த மாதிரி ஒற்றை வரிக் கடிதம் போனால் சோமனூர் ஜமாத்தில் என்ன நினைப்பார்கள் என்று இவருக்குத் தெரியாதா? வேண்டாம் என்பதை நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் எழுதும் கடிதம் அது. கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். "நான் எழுத மாட்டேன்" என்றேன். "ஏன், உனக்கென்ன அவன் மேல அவ்வளவு கரிசனம்?" என்று கேட்டார். நான் சட்டியை டமாரென்று அடுப்பில் வைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

மூன்று நாள் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். எல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று மனசு பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டில் நபியைப் புகழும் மவ்லிது ஓதுவார்கள். தர்காவுக்கு நேர்ந்துகொண்டு நெய்ச்சோறு ஆக்குவார்கள். பெரியத்தா, அதாவது பெரியப்பா மகன் சவுதியிலிருந்து வந்தபோது டேப் ரெக்கார்டரோடு ஒரு பை நிறையக் கேசட்டும் கொண்டுவந்தார். அதுதான் முதல். நீங்கள் செய்வதெல்லாம் தப்பு, தர்கா தப்பு, மவ்லிது தப்பு, தொழுகையில் கை கட்டும் இடமே தப்பு என்றது அந்தக் கேசட். எங்கள் குடும்பத்தில் தொழுகையில் விரலை அசைப்பதா வேண்டாமா என்பதற்காக இரண்டு சகோதரர்கள் ஒரே விசேஷத்தில் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். சிரிப்பாக இருக்கிறது இல்லையா? அன்றைக்கும் நாங்கள் சிரிக்கத்தான் சிரித்தோம். அப்போது ஆயுதம், அரசாங்கம் என்ற பேச்சே கிடையாது. மார்க்கத்தைச் சுத்தம் செய்கிறோம் என்றார்கள், அதில் தப்பென்ன என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் வடக்கே பள்ளிவாசலை இடித்தார்கள். அப்புறம் இந்த ஊரில் எங்கள் ஆட்கள் சிலர் ஒரு போலீஸ்காரரைக் கொன்றார்கள். அதற்குப் பதிலாக எங்கள் ஆட்களைச் சுட்டார்கள், வெட்டினார்கள், கடைவீதியை எரித்தார்கள். சில மாசத்தில் குண்டு வெடித்தது. ஒரு பாவமும் அறியாத ஜனங்கள் செத்தார்கள். வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். இதைச் சொல்ல எங்களில் பலருக்கு இன்னும் நாக்கு எழாது. கலவரத்தைச் சொல்வார்கள், குண்டு என்று வரும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தானே அது நம் ஊர்க் கதை!

அதற்குப் பிறகு வாடகைக்கு வீடு கிடைக்காது. பேரைச் சொன்னால் வேலை இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும். அந்த வருஷங்களில் கேசட்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் ரத்ததானம் செய்தது, வார்டு எலெக்‌ஷனில் நின்றது. இன்னொரு கூட்டம் ஓட்டுப் போடுவதே பாவம் என்றது. இரண்டு பேரும் ஒரே கேசட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். நடுவில் டிவியில் தினமும் ஏதாவது ஒரு தேசத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, செத்துக்கிடந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள் மாதிரியே இருந்தார்கள். எங்கள் தெருவில் நடந்ததற்கு இங்கே கேட்பாரில்லை. அப்போது எங்கிருந்தோ ஒருத்தன், உன் வலியும் இந்தப் பிள்ளையின் வலியும் ஒன்றுதான், நான் கேட்கிறேன் என்று கூப்பிட்டான். அவ்வளவுதான் சூட்சுமம். அவன் யார், எந்த நாட்டுக்காரன், அவன் கேட்கும் நியாயத்தில் எத்தனை தலை உருளும் என்று யாரும் விசாரிக்கவில்லை. பிறகு செல்போன் வந்தது. கூட்டம் போட ஹாலும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்து சொல்ல ஆளும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான், இப்போது கடிதம் கேட்டு வந்தாரே, அவர் என்னிடம் தாள்களோடு வர ஆரம்பித்தார். பாலிடெக்னிக் முடித்திருந்தார், இங்கிலீஷ் படித்தால் புரியும். "தமிழ்ல எழுதிப் பார்த்தேனுங்க டீச்சர், கொஞ்சம் பாத்துக் கொடுங்க" என்றார். முதலில் நோன்பைப் பற்றி. பிறகு அநாதைகளுக்கு உதவுவது பற்றி. பிறகு குண்டு விழுந்த ஒரு நகரத்தில் பிள்ளையைத் தேடும் ஒரு தாயைப் பற்றி. அதைப் படித்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே திருத்தினேன். அவருடைய தமிழ் கரடுமுரடாக இருக்கும், பாதிக்கு மேல் அரபுச் சொல். இப்படி எழுதினால் நம் வீட்டுப் பொம்பளைகளுக்கு எப்படி நெஞ்சில் இறங்கும் என்று அதையெல்லாம் எடுத்துவிட்டு நம் தமிழைப் போட்டேன். நீளமான வாக்கியத்தை உடைத்தேன். அடுத்த வாரம் வந்து சொன்னார்: "உங்க கை பட்டா அழுகை வருதுங்க டீச்சர். குரூப்ல எல்லாரும் யார் எழுதுனதுன்னு கேக்கறாங்க."

அல்லாவே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படிக் குளிர்ந்துபோனேன்! பள்ளிக்கூடத்தில் என் தமிழ் யாருக்கு வேண்டும்? பிள்ளைகளுக்கு மார்க் வேண்டும். வீட்டில் என் தமிழ் கல்யாணக் கடிதத்துக்கு. முதன்முதலாக யாரோ கேட்கிறார்கள், யார் எழுதியது என்று.

போகப்போகத் தாள்கள் மாறின. தாய் போய்விட்டாள், பிள்ளை போய்விட்டது. பேசுகிறவன் பேர் இல்லாத பேச்சுகள் வந்தன. உலகத்தில் இரண்டே முகாம்தான் என்றது ஒன்று. வீட்டை விட்டுக் கிளம்பு என்றது இன்னொன்று. எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது அப்பட்டமான பொய். புரிந்தது. ஒரு நாள் கேட்கவும் கேட்டேன், "இது என்னங்க, கொஞ்சம் காரமா இருக்குதே?" என்று. "அவங்க பேசறது அப்படித்தானுங்க, நாம மொழிபெயர்க்கிறோம், அவ்வளவுதானுங்க" என்றார். சரி என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன். சமையல்கட்டு மேசையில் அரைப்பரீட்சைப் பேப்பருக்கு நடுவில் வைத்து அதையும் திருத்தினேன். வாக்கியம் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை.

ஒரு காலையில் பால் வாங்கப் போனவர்கள் ஓடிவந்து சொன்னார்கள், ஜீப் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று. என் பீரோவில் அவருடைய தாள்கள் ஒரு கட்டு இருந்தது. கிழித்து வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து கூழாக்கிக் கொட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பேப்பரில் போட்டிருந்தான்: தமிழாக்கம் முழுவதையும் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். அதைப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இந்த இடத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. ஜெயிலிலிருந்து வந்த பிறகும் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்."

"அவனே சொல்லாததை நீ எதுக்குச் சொல்றே? நம்ம பிள்ளை சரவணம்பட்டியில வேலைக்குப் போறா. அவளுக்கும் ஒரு நாள் லெட்டர் வரணும், போகணும். வாயை மூடிக்கிட்டு இரு டீச்சரே." டீச்சரே என்பது அவர் என்னைக் கேலி செய்யும்போது கூப்பிடுவது. அன்றைக்குக் கேலி இல்லை, கெஞ்சல்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கால்களைக் கட்டி வைக்க முடியவில்லை. கடிதம் போகாவிட்டால் என்ன, நானே போய்ப் பெண் வீட்டில் நாலு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் போதாதா? நான் சொன்னால் கேட்க மாட்டார்களா? பார்த்தீர்களா, அப்போதும் எனக்கு என் வாய் மேல்தான் நம்பிக்கை. மறுநாள் காலை சூலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சோமனூரில் அந்த வீட்டுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேசுவதென்றால் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும். பெண்ணின் அத்தா எனக்குச் சேர் போட்டுவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண்தான் எதிரே உட்கார்ந்தாள். இருபத்தொன்பது, முப்பது வயதிருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. முதல் கல்யாணத்தில் அடி வாங்கி, தானே குலா என்கிற மணவிலக்குக் கேட்டு விலகி வந்தவள். ஒப்பனை இல்லாத முகம், கண்ணை எடுக்காமல் பார்க்கிற பார்வை.

நான் ஆரம்பித்தேன். அவர் எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு உழைப்பாளி, செய்த தப்புக்கு எப்படித் தலைகுனிந்து வாழ்கிறார், பட்டன் போனைத் தவிர வேறு போன் தொடுவதில்லை என்று எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு,

"ஒண்ணு கேக்கணுமுங்க" என்றாள். "அவர்கிட்டயே கேட்டேனுங்க. விட்டுப்போட்டேன்னு சொல்றாரு. தானா விட்டீங்களா, புடிச்சதால விட்டீங்களான்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறாரு. உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியும், தானாகத்தான் விட்டார் என்று சொல்ல வந்தேன். அழகான வாக்கியம் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணின் பார்வை அதை வெளியே விடவில்லை.

"அவரைப் பத்தி எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன். "நான் விட்டது, அவரைப் புடிச்சதாலதான்."

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். தாள்கள், சிவப்புப் பேனா, வாளித் தண்ணீர், பேப்பரில் படித்து நிம்மதியானது வரை எல்லாவற்றையும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். ஜீப் வந்திருக்காவிட்டால் அடுத்த வாரத் தாளையும் வாங்கித் திருத்தியிருப்பேன் என்றும் சொன்னேன். முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் எழுந்து தறிக்கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இது உங்க ஜமாத்துக்குத் தெரியுங்களா?"

"இல்லை."

"அவரு ஜெயிலுக்குப் போனாரு. நீங்க ஊருக்கெல்லாம் நல்ல நடத்தைன்னு லெட்டர் எழுதறீங்க" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டு, வாரேன் கண்ணு என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கமிட்டி உட்கார்ந்திருந்தது. நான் நேராக அலுவலக அறைக்குள் போய் நின்றேன். ஆறு ஆண்கள் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எழவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஊட்ல ஏதாச்சும்…?" என்று தலைவர் கேட்டார். மரக்கடைக்காரர், எழுபது தாண்டியவர், என்னைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர்.

"ஊட்ல எல்லாரும் நல்லா இருக்கோங்க. நான்தான் நல்லா இல்லை" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். இந்த முறை சத்தம் போடவில்லை, அழகுபடுத்தவில்லை. "அவர் என் பேரைச் சொல்லியிருந்தா நானும் உள்ளே போயிருப்பேன். அவருக்கு லெட்டர் கிடையாதுன்னா, நான் இத்தனை வருஷம் எழுதிக் கொடுத்த லெட்டரையெல்லாம் திரும்ப வாங்குங்க. அந்தக் கையோட நடத்தையை நீங்க யாரும் விசாரிக்கவே இல்லையே."

ஒருத்தர் சொன்னார், "இதை வெளியே சொல்லாதீங்கம்மா, எல்லாருக்கும் ஆபத்து." இன்னொருத்தர், "வெளிநாட்டுக்காரன் விதைச்ச விஷம், நாம என்ன செய்ய முடியும்" என்றார். அதைக் கேட்டதும் என் பழைய கோபம் வந்துவிட்டது. "விதை வெளிநாட்டுதுங்க. தண்ணி ஊத்துனது நான். செயலாளர் ஊட்டுச் சமையல்கட்டுல உக்காந்து ஊத்தினேன்."

தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார், தெரியும் என்கிற மாதிரி. பிறகு மெல்ல இழுப்பறையைத் திறந்து ஜமாத் லெட்டர்பேடை எடுத்துத் தலைவர் முன்னால் தள்ளிவைத்தார். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரே எழுதினார். கோணல்மாணலான எழுத்து. இவர் தவறு செய்தார், தண்டனை அனுபவித்தார், இப்போது எங்களோடு தொழுகிறார், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. அவ்வளவுதான். என்னைத் திருத்தச் சொல்லவில்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"இனிமே லெட்டரெல்லாம் நாங்களே எழுதிக்கிறோம்மா" என்றார் என்னிடம். மரியாதையாகத்தான் சொன்னார்.

நிக்காஹ் சோமனூரில் நடந்தது. செயலாளர் என்ற முறையில் என் வீட்டுக்காரர் போனார். எனக்கு அழைப்பு இல்லை. தெருவில் பாதிப் பேர் வேன் பிடித்துப் போனார்கள். நான் வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். மதியம் திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சும்மா நின்றார்.

"சொல்லுங்க, என்ன?" என்றேன்.

"மாப்பிள்ளை என்னைத் தனியாக் கூப்பிட்டு வருத்தப்பட்டாரு. டீச்சரைக் கண்டிப்பாக் கூப்பிடணும்னு அவரு சொன்னாராம். அந்தப் பொண்ணுதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டாளாம்."

"காரணம் சொன்னாளாமா?"

அவர் மாட்டிய சட்டையை எடுத்து மறுபடி மாட்டினார். நான் விடவில்லை.

"டீச்சர் ரொம்ப நல்லாப் பேசுவாங்க, அதனாலதான்னு சொன்னாளாம்."